வெல்மாரில் நிற்காத சைக்கிள்

ரெஜைனா
9 ஏப்ரல் 2006

லைல் எங்கன் அவர்களுக்கு,

நான்கு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும்.

போன செவ்வாய்க்கிழமை இங்கே பல் வைத்தியரின் முன்னறையில் வில்மர் ஷட்ஸ் உட்கார்ந்திருந்தான். ஆர்டனில் ஆணியும் கம்பியும் விற்கிறவனுக்கு இருநூறு கிலோமீட்டர் தள்ளி வந்து பிடுங்கிக்கொள்ள ஒரு பல். என்னைப் பார்த்ததும் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். "என்ன சார், சைக்கிள் இன்னும் இருக்கா? உங்ககூட வர்றதுன்னா ஆம்புலன்ஸையும் பின்னாடியே வரச் சொல்லணும்னு காபி மேசைல பேச்சு" என்றான். அந்த அறையில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தியின் மகன் நான் மாற்று ஆசிரியனாகப் போகும் பள்ளியில் படிக்கிறான்.

காலை பத்து மணிக்குக் கூட்டுறவுக் கடையின் காபி மேசையில் கூடும் ஏழெட்டுப் பேர்தான் ஆர்டனின் நீதிமன்றம். அங்கே என்மேல் தீர்ப்பு எழுதியாயிற்று. கூட வந்த நண்பனை நடுவழியில் விட்டுவிட்டு வந்தவன் நான். சாட்சி, நீ. எதிர்த்தரப்பை யாரும் விசாரிக்கவில்லை. ஆகையால் இப்போது நீயாவது கேள்.

2002, ஜூன் இரண்டாம் சனிக்கிழமை. நம் சைக்கிள் பயணத்தின் பத்தொன்பதாவது வருஷம். ஐந்தரை மணிக்கு ஆர்டனை விட்டோம். வழக்கம்போல் காலையில் மேற்கே எதிர்காற்றில் நாற்பத்துநாலு மைல், டன்வேயில் சாப்பாடு, மத்தியானம் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வெல்மார், கெஸ்லர் வழியாக வீடு. எதிர்காற்றில் நம் விதி உனக்குத் தெரியும். மைலுக்கு ஒரு மண்சாலை குறுக்கே வரும். ஒவ்வொரு குறுக்குச் சாலையிலும் முன்னே போகிறவன் விலக வேண்டும், பின்னே ஒதுங்கி வந்தவன் முன்னே போய்க் காற்றை வாங்க வேண்டும். அன்றைக்கு நீ விலகவே இல்லை. இரண்டு மைல், மூன்று மைல், ஒரு தடவை ஐந்து மைல். என் முழங்கால் வலிக்கு இரங்குகிறாய் என்று நினைத்து உன் மஞ்சள் சட்டையின் முதுகுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு வந்தேன். அது இரக்கம் இல்லை. வியாழக்கிழமை ராத்திரி பள்ளிக் குழுக் கூட்டத்தில் கையைத் தூக்கிய மனிதனுக்குச் சனிக்கிழமை என்னிடம் முகத்தைக் காட்டுவதைவிட முதுகைக் காட்டுவது சுலபமாக இருந்தது.

இருபத்திரண்டு வருஷம் நான் சரித்திரம் சொல்லிக்கொடுத்த பள்ளியை மூடப்போகும் செய்தி எனக்கு யார் மூலம் வந்தது? டன்வே உணவுக்கடை டோரீன் மூலம். அவளுடைய நாத்தனார் அந்தக் குழுவுக்குக் குறிப்பெழுதுகிறவள். நீ வெளியே பூங்காக் குழாயில் பாட்டிலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாய். அவள் புளிப்பு ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரத்தில் ஒரு துண்டை என் முன்னால் வைத்துவிட்டு, "மனசே கேக்கல சார். உங்க லைலும் கையத் தூக்கிட்டாராமே?" என்றாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பலகாரத்துக்கு அவள் காசு வாங்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

வெளியே வந்து கேட்டேன். நீ பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாய். "இங்க வேணாம்டா. ஜன்னல்லயே நிக்கிறா பாரு. நான் முன்னாடி போறேன், வெல்மார் கோபுரத்தடில உக்காந்து பேசுவோம். திட்டணும்னா அங்க வச்சுத் திட்டு" என்றாய். சரி என்றேன். பிரிந்துபோனால் அடுத்த ஊர்த் தானியக் கிடங்குக் கோபுரத்தடியில் காத்திருப்பது பத்தொன்பது வருஷ வழக்கம்தானே. அரைமணி கழித்துக் கிளம்பினேன்.

லைல், நான் கோபுரத்தைத் தேடிக்கொண்டே வந்தேன். பத்து மைலுக்கு அப்பாலிருந்தே தெரிய வேண்டியது, ஊர்ப் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்க வேண்டியது, தெரியவில்லை. அந்த மே மாதம் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நெடுஞ்சாலை வெல்மாருக்கு அரை மைல் தெற்கே போகிறது. கோபுரம் இல்லாத வெல்மார் நாலு மரம். அதை யாரோ ஒருவருடைய பண்ணை என்று நினைத்துத் தாண்டிப் போனேன். முதலில் கண்ணில் பட்ட கோபுரம் பதினெட்டு மைல் தள்ளி, கெஸ்லரில். அதன் அடியில் காத்திருந்தேன். நீ வரவில்லை. முகத்தைக் காட்டத் தைரியம் இல்லாமல் வேறு வழியில் போய்விட்டாய் என்று முடிவுகட்டினேன். நீ விழுந்தது மறுநாள் காலைதான் தெரியும்.

இதுதான் நடந்தது. இதைக் காபி மேசையில் வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒரெஸ்ட் டிமித்ரிவ்


ஆர்டன்
20 ஏப்ரல் 2006

ஒரெஸ்ட்,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்து மாவிஸ் அதை அடுப்பில் போடட்டுமா என்று கேட்டாள். நான் பிடுங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டேன். விதைக்கும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தேன். அதன்மேல் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். கிரீஸ் கறை பட்டிருக்கிறது, பரவாயில்லை, திருப்பித் தரப்போவதில்லை.

கோபுரம். அட மடையா லைல் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன். நாய் திரும்பிப் பார்த்தது.

நான் சொல்வதைக் கேள். அன்றைக்கு அந்தக் கோபுரம் நின்ற காங்கிரீட் மேடையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். இடித்த கட்டையெல்லாம் பக்கத்தில் குவிந்து கிடந்தது. ஐயோ, போய்விட்டதே என்று வருத்தப்பட்டேன்கூட. ஆனால் சாலையில் வருகிற உன் கண்ணுக்கும் அது இருக்காது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. எனக்கு அந்த இடம் அங்கேயேதான் இருந்தது. உனக்கு இல்லை. நாலு வருஷம் இது தோன்றாமல் ஒருத்தன் இருந்திருக்கிறான் பார்.

நீ சாலையில் போவதைப் பார்த்தேன் ஒரெஸ்ட். இரண்டே கால் மணி இருக்கும். கத்தினேன். மேல்காற்று, குரல் எங்கோ போயிற்று. அந்த மஞ்சள் மழைச் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டினேன். நீ போய்க்கொண்டே இருந்தாய். பார்த்துவிட்டுத்தான் போகிறாய் என்று நினைத்தேன். தப்பு என்மேல், கோபம் நியாயம், ஐந்து மைல் போனால் ஆறிவிடும், திரும்பி வருவான். எதிர்காற்றில் திரும்புவதால் நேரம் எடுக்கும். இப்படிக் கணக்குப் போட்டு நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அதற்குள் வடக்கே கருத்துவிட்டது. கிளம்பினேன். கெஸ்லருக்கு ஏழு மைல் இருக்கும்போது காற்று சட்டென்று பக்கவாட்டில் திரும்பியது. அதே நேரம் ஒரு தானிய லாரி கடந்தது. பள்ளத்தில் கிடந்தேன். இடுப்பெலும்பு. மீதி உனக்குத் தெரியும்.

நடுவழியில் விட்டாய் என்று நான் எவனிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் மாவிஸிடம் மட்டும், பெண்டாட்டி ஆயிற்றே என்று, சொன்னேன். அவளிடம் சொன்னால் கூட்டுறவுக் கடையில் அறிவிப்பு ஒட்டின மாதிரி என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

பள்ளி விஷயம். ஐந்து பேர் குழு. நாலு கை உயர்ந்தது. கடைசிக் கை என்னுடையது. மூன்று போதும், என் கை அவர்களுக்குத் தேவையே இல்லை. அதுதான் அதிக வெட்கம். மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள், பாதிப் பெற்றோர் கெஸ்லருக்கு அனுப்பவே விரும்பினார்கள், கொதிகலன் வேறு போய்விட்டது. இதெல்லாம் நிஜம். ஆனால் உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியது நான். வெள்ளிக்கிழமை உன் வீட்டு வாசல் வரை வண்டியில் வந்து திரும்பினேன். முதுகைக் காட்டுவது சுலபம் என்று எழுதியிருக்கிறாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இடுப்பு வலியெல்லாம் பழகிவிட்டது. நீ பார்த்துவிட்டுப் போனாய் என்பதுதான் பழகவே இல்லை.

இப்போது சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கிற மூன்று சக்கர வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். சாய்வு நாற்காலிக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருக்கும். ஜூன் 10, இரண்டாம் சனிக்கிழமை. வாயேன்.

லைல்


ரெஜைனா
2 மே 2006

லைல்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூன்று முறை பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இந்த அறையில் ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று ஊதிக்கொண்டே இருக்கிறது. காகிதத்தைத் திணித்தும் நிற்கவில்லை. உட்கார முடியவில்லை.

ஜூனில் வர முடியாது. மாற்று ஆசிரியனுக்கு எந்தக் காலையில் அழைப்பு வரும் என்று தெரியாது. முழங்கால் சரியில்லை. டயர் வெடித்துக் கிடக்கிறது. மூன்றும் உண்மை.

பள்ளியைப் பற்றி நீ எழுதிய காரணங்களை நான் ஏற்கவில்லை. கொதிகலனை மாற்றலாம். நாற்பத்தொரு பிள்ளைகள் என்பது நாற்பத்தொரு பிள்ளைகள்தான். இதில் என் கருத்து மாறாது. ஆகையால் நிம்மதி, மன்னிப்பு என்றெல்லாம் பெரிய வார்த்தைகள் வேண்டாம். கோபுரக் கதையை மேசையில் வாசிக்கலாம் என்று எழுதியிருந்தேன், அதுவும் வேண்டாம். பழசைக் கிளறுவதில் யாருக்கு என்ன லாபம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் எவ்வளவு நேரம் கிடந்தாய்? நீ எழுதவில்லை. அன்றைக்கும் யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. சரித்திரம் படித்தவனுக்கு நேரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரெஸ்ட்


ஆர்டன்
21 மே 2006

ஒரெஸ்ட்,

மேசையில் வாசிக்காதே என்ற கடிதம் வருவதற்குள் வாசித்துவிட்டேன். நீ ஊரை விட்டுப் போகும்போது ஒருத்தனும் கைகொடுக்க வரவில்லை. அது என் உளறலால் வந்தது. அதை நான்தான் சரிசெய்ய வேண்டும் இல்லையா?

கோபுரம் என்ற இடம் வந்ததும் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இந்தப் பக்கத்தில் கோபுரத்தைப் பார்த்து வண்டி ஓட்டாதவன் எவன்? வில்மர் சொன்னான், போன வருஷம் அவனே வெல்மாரைத் தாண்டிப் போய், கல்யாணத்துக்குப் பதில் கெஸ்லரில் ஒரு சாவு வீட்டில் பரிசோடு நின்றானாம். அரைமணி சிரித்தார்கள். கடைசியில் வில்மரே, "பாவம்டா அந்த மனுஷன். நாலு வருஷமா நாம சும்மா பேசிட்டோம். நீ எழுதறப்ப நான் கேட்டேன்னு எழுது" என்றான். எழுதிவிட்டேன். மாவிஸ்கூட மனசு மாறிவிட்டாள். நீ வந்தால் பெரோகிக் கொழுக்கட்டை செய்வதாகச் சொல்கிறாள். அவள் யாருக்கும் அப்படிச் சொல்வதில்லை.

எனக்கே ஒரு ஆசை. விதைப்பு முடிந்த மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு போய், வெல்மாருக்கு நேராக நெடுஞ்சாலையில் நின்று பார்த்தேன். நீ எழுதியது அப்படியே உண்மை. நாலு மரம், பனிச்சறுக்கு அரங்கத்தின் பச்சைக் கூரை, அவ்வளவுதான். ஊர் என்றே தோன்றாது.

பள்ளத்தில் கிடந்தது ஒன்றரை மணி நேரம். கல்மழை பெய்தது. தவளைகள் கத்தின. சாலையில் போகும் வண்டிகளை எண்ணினேன், பதினொன்று. பள்ளம் ஆழம், புல் உயரம், யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டாவது ஒரு பண்ணைக்காரர், நாய் குரைத்ததால் நிறுத்தினார். எதற்கு இதெல்லாம், ஆனது ஆயிற்று. அன்றைக்கு நீ திரும்பி வருவாய் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பாவம் கெஸ்லரில் கோபுரத்தடியில் என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாய். நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

டயர் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். உன் மூன்று உண்மைகளில் ஒன்று தீர்ந்தது.

உன் நண்பன்,
லைல்


ரெஜைனா
5 ஜூன் 2006, திங்கள்

லைல்,

இது சனிக்கிழமைக்கு முன்னால் உனக்குக் கிடைக்க வேண்டும். இன்று பள்ளியிலிருந்து அழைப்பு வரவில்லை. காலையிலிருந்து இந்த அறைக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

கோபுரம் தெரியவில்லை என்று எழுதியது உண்மை. நாலு மரத்தைப் பண்ணை என்று நினைத்ததும் உண்மை. அந்த உண்மை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைத்தான் நான் எழுதவில்லை. அதிகபட்சம் ஒரு நிமிஷம். பிறகு மரங்களுக்குப் பின்னாலிருந்து பச்சைக் கூரை வந்தது. அந்த அரங்கத்தில் இருபது குளிர்காலம் என் பள்ளிப் பிள்ளைகள் ஹாக்கி ஆடுவதைப் பார்க்க நின்றிருக்கிறேன். எந்த ஊர் என்று தெரிந்துவிட்டது.

தலையைத் திருப்பினேன். வெறும் நிலத்தில் மஞ்சளாக ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அது மேலே போய்க் கீழே வந்தது. காலையில் ஆறு மணி நேரம் அந்த மஞ்சளுக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிந்து வந்தவன் நான். அது என்ன என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் மண்சாலை அப்போது எனக்கு முன்னால் நூறு கெஜத்தில் இருந்தது. பிரேக்கில் கை வைத்தேன். அழுத்தவில்லை. காற்று முதுகைத் தள்ளிக்கொண்டிருந்தது. மிதிக்கக்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், அது என்னைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். சும்மா இருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் மிதித்தேன். 'கத்தட்டும், நிற்கட்டும், எனக்காக ஒரு மத்தியானம் காத்திருக்கட்டும்' என்று நினைத்ததை வார்த்தை மாறாமல் இப்போதும் சொல்ல முடியும். அவ்வளவு வேகமாக நான் ஆயுளில் சைக்கிள் ஓட்டியதில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

கெஸ்லரில் நான் காத்திருக்கவில்லை. அங்கே சக்கரத்தை நிறுத்தவே இல்லை. நாலு மணிக்கு, நீ எனக்காகப் போட்ட கணக்கு முடிந்து கிளம்பிய நேரத்தில், நான் வீட்டில் குளித்துவிட்டு விடைத்தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கல்மழை எங்கள் கூரையிலும் பெய்தது. ஜன்னலை மூடினேன். மூடும்போது உன்னை நினைத்தேன். ஐந்து மணிக்கு மாவிஸ் தொலைபேசியில் கூப்பிட்டு, லைல் அங்கே இருக்கிறானா என்று கேட்டாள். இல்லை, வழியில் பிரிந்துவிட்டோம், வந்துவிடுவான் என்றேன். இதை அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். எந்த இடத்தில் பிரிந்தோம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீ ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருக்கிறாய். அதில் பாதியை நான் குறைத்திருக்க முடியும்.

கோபுரம் இடிக்கப்பட்டது பற்றி அடுத்த வாரம் செய்தித்தாளில் படித்தேன். படித்த அன்றைக்கே இந்தக் கதை என் கைக்கு வந்துவிட்டது. நான் அதைச் சோடிக்கவில்லை, தயாராகக் கிடந்தது, எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். நான்கு வருஷம் சொல்லிச் சொல்லி, ஏப்ரலில் உனக்கு எழுதியபோது முக்கால்வாசி நானே நம்பினேன். வில்மர் சிரித்தது அநியாயம் என்று உண்மையாகவே கொதித்தேன். பிறகு நீ வயலை விட்டுவிட்டு நெடுஞ்சாலையில் போய் நின்று பார்த்ததாக எழுதினாய். என் பொய்க்கு நீ போய்ச் சாட்சி தேடி எடுத்து வந்திருக்கிறாய். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பள்ளி விஷயத்தில் உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. டோரீன் சொல்லி நான் தெரிந்துகொண்டதற்கு நீ பொறுப்பு, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் நீ மன்னிப்புக் கேட்டது செய்த காரியத்துக்கு. நான் உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டது ஊர் தெரியாமல் தாண்டிப் போனேன் என்ற, நான் செய்யாத தவறுக்கான மன்னிப்பு. செய்ததற்கு நான் இன்னும் கேட்கவே இல்லை. இந்தக் கடிதத்தில் கேட்டால் அதுவும் ஒரு சாமர்த்தியம் போல இருக்கும். அதனால் கேட்கவில்லை.

இதையும் மேசையில் வாசி. மாவிஸிடம் முதலில் காட்டு. வில்மர் என்னை விசாரித்ததை நான் ஏற்றுக்கொள்ளவில்லை என்று அவனிடம் சொல். அவன் சிரித்ததுதான் சரி. டயர்களை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. சனிக்கிழமை வருவேன் என்று எதிர்பார்க்காதே. வா என்று நீ கூப்பிட்டது கெஸ்லரில் காத்திருந்த ஒருத்தனை. அப்படி ஒருத்தன் இல்லை. இதைப் படித்த பிறகும் கூப்பிட வேண்டும் என்று தோன்றினால் ஒரு வரி போதும், எந்த வருஷமானாலும்.

இனி கீழே என்ன எழுதுவது என்று அரைமணியாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ 'உன் நண்பன்' என்று எழுதியிருந்தாய். அதை நான் திருப்பி எழுத முடியாது. முதல் கடிதத்தில் போட்டதுபோல முழுப் பெயரைப் போடலாம் என்றால், அந்தப் பெயரை நீதான் ஏழெட்டுப் பேர் முன்னால் வைத்துக் கழுவிக் கொடுத்தாய். அதை வாங்கி இந்தக் காகிதத்தின் அடியில் ஒட்ட எனக்கு உரிமை இல்லை. பயந்து ஒளிக்கிறேன் என்று நினைக்காதே, உறையின் பின்னால் விலாசம் இருக்கிறது. தெருமுனைத் தபால் பெட்டியை ஐந்து மணிக்குத் திறப்பார்கள். மணி நாலே முக்கால். கையெழுத்து இல்லாமலே போடுகிறேன்.